உயிர் நண்பன் வீடு மாறிப் போனால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எத்தனையோ குடும்பங்கள் ஊர் மாறிவிடுகின்றன. வங்கி, ரயில்வே, காவல்துறை என்று ட்ரான்ஸ்ஃபர் வருகிறது. சிலருக்கு பெங்களூரிலோ துபாயிலோ வேலை கிடைக்கிறது. சிலர் வாடகை கட்டுப்படியாகாமல் புறநகருக்குப் போகிறார்கள். போகிற பிள்ளைக்குப் புதுப் பள்ளி ஒத்துவருமா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கவலைப்படுகிறார்கள். பழைய தெருவிலேயே, பழைய பெஞ்சிலேயே இருக்கப்போகிற பிள்ளையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. இங்கே உள்ள பதில்கள் அந்தப் பிள்ளைக்காக. 5 முதல் 12 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறோம்.

பக்கத்து வீட்டார் காலி செய்யப்போவது எங்களுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியாது. எப்போது சொல்ல வேண்டும்?

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை என்றால், விஷயம் உறுதியானதுமே சொல்லிவிடுங்கள். ஆறு முதல் ஒன்பது வரை என்றால் மூன்று நான்கு வாரம் முன்னால் போதும். அதைவிடச் சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அந்த வயதில் ஒரு மாதம் என்பது கணக்கிலேயே வராது. ஒரு மாதம் முன்பே சொன்னால் தினமும் காலையில் "இன்னைக்கா போறான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

வயதைவிட முக்கியமானது, யார் வாயிலிருந்து தெரிகிறது என்பது. வாட்ச்மேன் சொல்லியோ, வாசலில் 'டு லெட்' போர்டு தொங்குவதைப் பார்த்தோ பிள்ளைக்குத் தெரிந்தால், நண்பன் போவதோடு அம்மா அப்பா மறைத்ததும் சேர்ந்து வலிக்கும். நண்பனின் பெற்றோரிடம் பேசி, இரண்டு வீட்டிலும் ஒரே நாள் மாலை சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் காலை வேனில் அடுத்த பிள்ளையின் காதுக்குப் போய்விடும்.

"பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவது வழக்கம். தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் சரி. ஒரு மாதம் மூடி வைக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் குரல் தாழ்த்திப் பேசுவதைக் கவனிக்காத பிள்ளை இல்லை.

எப்படிச் சொல்வது? என்ன வார்த்தை பயன்படுத்துவது?

நான்கு விவரம் இருந்தால் போதும்: யார், எங்கே, எப்போது, ஏன். உதாரணமாக: "கார்த்தி அப்பாவுக்குக் கோயம்புத்தூர் பிராஞ்சுக்கு மாத்தல் வந்திருக்கு. மே 20ஆம் தேதி அவங்க எல்லாரும் அங்க குடி போறாங்க. ஜூன்ல அவன் அங்கயே ஸ்கூல் சேருவான்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஆறுதல் வார்த்தையை உடனே அடுக்காதீர்கள். பிள்ளை கேள்வி கேட்பதற்குக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும்.

லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவதுபோல மழுப்பிச் சொன்னால் சின்னப் பிள்ளை பள்ளி திறக்கும் நாளில் வாசலில் காத்திருக்கும். "மாசம் மாசம் கூட்டிட்டுப் போறேன்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். முதல் மாதமே அது உடையும். நிச்சயமாகச் செய்யக்கூடியதை மட்டும் சொல்லுங்கள்: "சனிக்கிழமை சாயங்காலம் போன்ல பேசலாம், அம்மா ஏற்பாடு பண்றேன்."

ஏன் என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக இருக்க வேண்டும். ஏழு எட்டு வயதுக்குக் கீழே பல பிள்ளைகள், தாங்கள் போட்ட சண்டையால்தான் நண்பன் போகிறான் என்று உள்ளுக்குள் நம்பிவிடுகிறார்கள். "அப்பா வேலைக்காகப் போறாங்க, நீயோ அவனோ பண்ணின எதுனாலயும் இல்ல" என்று வாய்விட்டுச் சொல்வது அவசியம்.

சொன்னதும் "சரி" என்று விளையாடப் போய்விட்டாள். அவளுக்குப் பாதிப்பே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் கழித்து வரும். பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும். பத்து நிமிடம் அழுகை, பிறகு சைக்கிள், இரவு படுக்கையில் திடீரென்று ஒரு கேள்வி. நேரடியாகச் சொல்லத் தெரியாததால் வேறு வாசலில் வெளிப்படும்: தம்பியை அடிப்பது, சாப்பாட்டில் அடம், பென்சில் முனை உடைந்ததற்கு ஒரு மணி நேர அழுகை. முதல் மூன்று நான்கு வாரம் இவற்றை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்காதீர்கள். தம்பியை அடித்தால் கண்டிக்கத்தான் வேண்டும். அதோடு, "மத்தியானத்துல இருந்தே ஒரு மாதிரி இருக்க, நிலா ஞாபகமா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பதில் அன்றைக்கே வர வேண்டும் என்பதில்லை.

எதிரெதிரே உட்கார்ந்து "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை வாய் திறக்காது. வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும், பட்டாணி உரிக்கும்போதும், தலை பின்னும்போதும் தானாகப் பேசும்.

கிளம்ப இரண்டு வாரம்தான் இருக்கிறது. இப்போது போய் தினமும் சண்டை போடுகிறார்கள், காய் விட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். ஏன்?

இது மிக சகஜம். சேர்ந்திருந்து பிரிவதைவிட, கோபத்தில் பிரிவது பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கிறது. "அவன் போனா போகட்டும், எனக்கென்ன" என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும், அதற்குத்தான் சண்டை. நடுவில் புகுந்து பஞ்சாயத்து செய்து யார் மேல் தப்பு என்று பார்க்க வேண்டியதில்லை. இருவருக்கும் சேர்ந்து செய்ய ஒரு வேலை கொடுங்கள், அதில் தானாகப் பழம் விட்டுக்கொள்வார்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளும் பேசவில்லை என்றால் மட்டும், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து ஐந்து நிமிடச் சந்திப்பாவது நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தோடு போய்விட்டால் மிஞ்சுகிறவனுக்கு அது பல மாதம் அரிக்கும்.

கடைசி நாட்களில் என்ன செய்யலாம்?

பெரிய விருந்து தேவையில்லை. பத்துப் பதினைந்து பிள்ளைகளைக் கூட்டி கேக் வெட்டினால் இந்த இரண்டு பேருக்கும் பேசவே இடம் கிடைக்காது. அதைவிட, எப்போதும் செய்வதையே இன்னொரு முறை செய்யட்டும்: மொட்டை மாடி, கிரிக்கெட், முனைக் கடையில் பத்து ரூபாய்க்கு ஏதாவது. சாமான் ஏற்றுகிற நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஒரு மாலை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். சாமான் கட்டுகிற நாளில் இரு வீட்டிலும் எல்லோரும் எரிச்சலில் இருப்பார்கள், பிள்ளைகள் காலில் மாட்டுவார்கள்.

புகைப்படம் எடுக்கும்போது போஸ் கொடுத்து நிற்பதோடு, அவர்கள் புழங்கிய இடங்களையும் எடுங்கள்: வேனில் உட்காரும் சீட், மாடிப்படி, கேரம் போர்டு. போனிலேயே விட்டுவிடாமல் ஆறேழு படங்களைப் பிரிண்ட் போட்டு, இரண்டு செட்டாக ஆளுக்கொன்று கொடுங்கள். போனில் கிடக்கும் படத்தைப் பிள்ளை தன் இஷ்டப்படி எடுத்துப் பார்க்க முடியாது.

பரிசு வாங்கித் தருவதைவிடப் பொருள் மாற்றிக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது. இவனுடைய பழைய தொப்பி அங்கே, அவனுடைய பம்பரம் இங்கே. ஒன்று, அது உண்மையிலேயே பயன்படுத்திய பொருளாக இருக்க வேண்டும். இரண்டு, தொலைந்தால் பெரியவர்கள் திட்டாத பொருளாக இருக்க வேண்டும்.

விலாசத்தைப் பிள்ளையின் கையாலேயே ஒரு நோட்டில் எழுத வையுங்கள்: கதவு எண், தெரு, ஊர், ஆறு இலக்க பின்கோடு, இரு பெற்றோரின் போன் எண்கள், பிறந்தநாள். புது விலாசம் இன்னும் தெரியாவிட்டால் தாத்தா பாட்டி வீட்டு விலாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு மாறும், தாத்தா வீடு அநேகமாக மாறாது.

லாரி கிளம்புவதைப் பார்க்க வேண்டுமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். பார்க்கிறேன் என்றால் கடைசி ஐந்து பத்து நிமிடம் போதும். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது ஏற்பாடு இருக்கட்டும், பாட்டி வீடோ கடற்கரையோ. வெறும் வீட்டைப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார விடாதீர்கள்.

அவன் போய்விட்டான். இப்போது என்ன செய்வது? சும்மா இருந்தால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் சரியாகும். ஆனால் பொதுவாக "மனசைத் தேத்திக்கோ" என்று சொல்வதில் பயன் குறைவு. நண்பன் இல்லாத குறை நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. குறிப்பிட்ட நான்கைந்து நேரங்களில் மட்டும் பள்ளம் விழும். ஒரு தாளை எடுத்து, காலையிலிருந்து இரவு வரை அவனோடு கழிந்த நேரங்களைப் பிள்ளையோடு சேர்ந்து எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி இருக்கும்.

காலை வேன். பக்கத்து சீட் காலி. வேன் அண்ணனிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி இடத்தை மாற்றுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளை ஒன்றைக் கையைப் பிடித்து இறக்கிவிடும் பொறுப்பைக் கொடுத்தால் இன்னும் நல்லது. கையில் வேலை இருக்கும் பிள்ளை ஜன்னலையே வெறித்துக்கொண்டு வராது.

இன்டர்வெல். பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் இதுதான் நாளிலேயே கடினமானது. வகுப்பில் பாடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். இன்டர்வெல்லில் யாரோடு நிற்பது என்றே தெரியாது. மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே குழு குழுவாக இருப்பார்கள். போர்டு துடைப்பது, நோட்டு அடுக்குவது, நூலகப் புத்தகம் எடுத்துப் போவது போன்ற வேலையை முதல் இரண்டு வாரம் ஆசிரியர் கொடுத்தால் போதும். அதையும் இன்னொரு பிள்ளையோடு ஜோடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரம். யார் பக்கத்தில் உட்காருவது என்பது முதல் நாளே முடிவாக வேண்டும். பள்ளியில் பகிர்ந்து சாப்பிட அனுமதி உண்டென்றால் டிஃபன் பாக்ஸில் நான்கைந்து துண்டு கூடுதலாக வையுங்கள். கடலை உருண்டை, குட்டி இட்லி, மாங்காய்க் கீற்று, எது கை நீட்ட வைக்குமோ அது. சத்துணவு சாப்பிடும் பள்ளியில் வரிசையில் யாருக்குப் பின்னால் நிற்பது என்பதைப் பேசி வைத்தாலே பாதி பயம் போகும்.

மாலை 5 முதல் 6.30 வரை. இந்த நேரம்தான் போனுக்குப் போய்விடும். முதல் வாரம் பாவம் என்று கொடுத்த போனை மூன்றாவது மாதம் திருப்பி வாங்குவது பெரும்பாடு. முதல் இரண்டு வாரம் வீட்டில் ஒரு பெரியவர், தாத்தாவாக இருந்தாலும் சரி, அதில் அரை மணி நேரம் கூட இருக்கட்டும். ஷட்டில், செஸ், செடிக்குத் தண்ணீர். படிப்பு வேண்டாம்.

பல பெற்றோர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இந்தி, கீபோர்டு, அபாகஸ் என்று ஒரே மாதத்தில் மூன்று வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். வகுப்பில் மாஸ்டர் சொன்னதைச் செய்வதைத் தவிர பிள்ளைகள் ஒருவரோடொருவர் பேசவே நேரமில்லை. நண்பன் போனதற்குத் தண்டனையாகத்தான் அது பிள்ளைக்குத் தோன்றும். ஒரே ஒரு வகுப்பு, வாரத்துக்கு இரண்டு நாள், அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவது, முன்னும் பின்னும் பத்து நிமிடம் சும்மா ஓடுவதற்கு இடமிருப்பது: சிலம்பம், கால்பந்து, ஸ்கேட்டிங் எதுவானாலும் சரி.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லலாமா? சின்ன விஷயம் என்று நினைப்பார்களோ?

சொல்லுங்கள், சுருக்கமாக. டைரியில் இப்படி எழுதினால் போதும்: "அம்மா, 4 'ஆ' பிரிவு மாணவி. நெருங்கிய தோழி டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சில வாரம் சோர்வாக இருக்கலாம். பெஞ்சில் கலகலப்பான பிள்ளை அருகில் உட்கார வைத்தால் உதவியாக இருக்கும்." என்ன வேண்டும் என்று ஒன்றோ இரண்டோ குறிப்பாகக் கேட்டால் ஆசிரியரால் செய்ய முடியும். "கொஞ்சம் பாத்துக்கோங்க மிஸ்" என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் அது நினைவில் நிற்காது.

வகுப்பு முன்னால் நிறுத்தி "இவளுக்கு ஃப்ரெண்டு இல்ல, யார் ஃப்ரெண்டா இருக்கீங்க?" என்று கேட்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். நல்லெண்ணத்தில் செய்வார்கள், பிள்ளைக்கு அவமானமாகிவிடும்.

கோடையில் போன நண்பன் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. ஜூனில் செக்ஷன் பிரிப்பார்கள். நன்றாகப் பழகும் இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, அவர்களில் ஒருவராவது அதே செக்ஷனில் இருக்கும்படி மே கடைசிக்குள் கேட்டுவிடுங்கள். பட்டியல் ஒட்டிய பிறகு மாற்றுவது கடினம்.

வீடியோ கால் போட்டுக் கொடுத்தால் இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சே வரவில்லை. நட்பு முடிந்துவிட்டதா?

இல்லை. பத்து வயதுக்குக் கீழே நட்பு என்பது சேர்ந்து ஏதாவது செய்வதுதான். "சாப்பிட்டியா, ஸ்கூல் எப்படி இருக்கு" என்று பெரியவர்கள்போல் பேசச் சொன்னால் விழிப்பார்கள். வீடியோ காலின்போது செய்ய ஒரு வேலையை வையுங்கள். நேம், ப்ளேஸ், அனிமல், திங் விளையாடலாம். இரு பக்கமும் ஒரே படத்தை வரைந்து காட்டலாம். விடுகதை போடலாம். புது வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லலாம். லெகோ கட்டிக்கொண்டே சும்மா இருந்தாலும் சரி, இருவரும் திரையில் இருந்தால் போதும்.

15 முதல் 20 நிமிடம் போதும். முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு ஒன்று, பிறகு பிள்ளைகள் விருப்பம். தினமும் பேச வைத்தால் இரண்டு பேருமே புது நாளுக்குள் நுழைய முடியாமல் தவிப்பார்கள். நாளும் நேரமும் மாறாமல் இருப்பது முக்கியம். "எப்போ பேசலாம்?" என்று தினம் கேட்டு நச்சரிப்பது அதனால் குறையும். வெளிநாடு என்றால் நம் சனிக்கிழமை மாலை 5 மணி பல இடங்களுக்கு ஒத்துவரும்: துபாயில் பிற்பகல் 3.30, சிங்கப்பூரில் இரவு 7.30, லண்டனில் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 11.30. நியூயார்க்கில் காலை 7.30 அல்லது 6.30 ஆகிவிடும் என்பதால் அங்கே மட்டும் நம் இரவு 8 மணி நல்லது.

வாட்ஸ்அப் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்காமல் உங்கள் போனிலேயே பேச வையுங்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் பழக்கினால் நேரம் ஒத்துவராத கவலையும் இல்லை.

கடிதத்தையும் ஒதுக்காதீர்கள். அஞ்சலட்டை 50 பைசா, இன்லேண்ட் லெட்டர் 2 ரூபாய் 50 காசு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குப் போனைவிட இது பொருந்தும். பதில் வராமல் போவதுதான் இதில் வழக்கமான தடங்கல். அந்தப் பக்கம் இன்லேண்ட் லெட்டர் வாங்கித் தர ஆளிருக்காது. முதல் கடிதத்தைக் கவரில் வைத்து, உங்கள் விலாசம் எழுதிய வெறும் இன்லேண்ட் லெட்டர் ஒன்றையும் உள்ளே வைத்து அனுப்புங்கள். சாதாரணக் கவருக்கு 20 கிராம் வரை 5 ரூபாய் தபால்தலை போதும்.

"அவனுக்கு அங்க புது ஃப்ரெண்டு கிடைச்சுட்டான், என்னை மறந்துட்டான்" என்று அழுகிறான். என்ன சொல்வது?

நான்கைந்து மாதத்தில் இது பெரும்பாலும் நடக்கும். போனவன் புது இடத்தில் யாரையாவது பிடித்தே ஆக வேண்டும், அவனுக்கு வேறு வழியில்லை. அழைப்பு குறைவதை "அவன் அப்படித்தான், விடு" என்று பேசி முடிக்காதீர்கள். அவனைக் குறை சொன்னால் தன் பழைய நாட்களையே குறை சொன்னதுபோல் பிள்ளைக்குச் சுடும். "கஷ்டமாத்தான் இருக்கும். அவன் ஸ்கூல்ல தனியா நிக்க முடியாதுல்ல, அதான் ஒருத்தனோட சேர்ந்திருக்கான். உன்கூட விளையாடினது இல்லைன்னு ஆயிடாது" என்பது போதும்.

அந்த நண்பனின் பெற்றோரிடம் ஒருமுறை பேசிப் பாருங்கள். சில சமயம் காரணம் வேறாக இருக்கும்: டியூஷன் நேரம் மாறியது, போன் ரிப்பேர், அல்லது அவன்தான் அங்கே சரியில்லாமல் பழைய ஊர்ப் பேச்செடுத்தாலே அழுகிறான் என்பதால் அவர்களே தவிர்க்கிறார்கள். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் விட்டுவிட்டு, பிறந்தநாள், பொங்கல் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதிதாக ஒரு நண்பனைப் பிடித்துக்கொடுப்பது எப்படி?

நண்பன் ஊரை விட்டுப் போன அதே வாரத்தில் வேண்டாம். பழையவனைப் பற்றி அழாமல் பேசத் தொடங்கியதும், அல்லது பள்ளியில் வேறொரு பெயர் இரண்டு மூன்று முறை வாயில் வந்ததும் தொடங்குங்கள்.

எப்போதும் இரண்டு பேராகவே திரிந்த பிள்ளைக்கு ஒரு சிக்கல் உண்டு. "அவங்க ரெண்டு பேரும் யாரையும் சேத்துக்க மாட்டாங்க" என்று வகுப்பில் மற்றவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள். அதனால் யாரும் தாமாக வந்து கூப்பிட மாட்டார்கள். இவனுக்கோ கூப்பிடத் தெரியாது, இத்தனை நாள் தேவைப்படவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் எப்படி நுழைவது என்பதை வீட்டிலேயே சொல்லிக்கொடுங்கள். "என்னையும் சேத்துக்கறீங்களா?" என்று கேட்டால் பாதி நேரம் "ஆள் ஃபுல்" என்றுதான் பதில் வரும். ஓரமாக நின்று பார்த்து, பந்தை எடுத்துப் போட்டு, ஸ்கோர் சொல்லி, அடுத்த ஆட்டத்தில் நுழைவது எளிது.

வீட்டுக்கு அழைப்பதென்றால் ஒரே ஒரு பிள்ளை. மூன்று பேரானால் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு நம் பிள்ளை வெளியே நிற்பான். நேரம் ஒன்றரை மணி. செய்ய வேண்டியது முன்பே முடிவாகியிருக்கட்டும். பட்டம் கட்டுவதோ, பானிபூரி செய்வதோ, கேரமோ. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்து அனுப்புங்கள், களைத்துச் சண்டை வருவதற்கு முன்னால். பகிர விரும்பாத பொம்மையை முன்கூட்டியே பீரோவில் வைத்துவிடலாம்.

யாரை அழைப்பது என்பதில் "நல்லா படிக்கிற பையன்" என்று தேடாதீர்கள். அதே வேன், அதே தெரு, அதே மாலை நேரம் என்று அடிக்கடி கண்ணில் படுகிற பிள்ளையோடுதான் பழக்கம் ஒட்டும். பழைய நண்பனோடு ஒப்பிட்டும் பேச வேண்டாம்.

மூன்றரை வயதுக் குழந்தைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் தேவையில்லை. அந்த வயதில் யார் கூட விளையாடுகிறார்களோ அவர்களே நண்பர்கள். "பாப்பா எங்க?" என்று சில வாரம் கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். அதே நேரத்தில் வேறொரு குழந்தையோடு விளையாட விட்டால் போதும்.

பதினான்கு வயது மகள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நாங்கள் பேசினால் "உங்களுக்குப் புரியாது" என்கிறாள்.

பதின்ம வயதில் நெருங்கிய தோழி என்பவள் ரகசியம் சொல்லும் இடம். அந்த இடத்துக்கு நீங்கள் போக முடியாது, முயலவும் வேண்டாம். தோழியோடு பேச நேரத்தையும் தனிமையையும் கொடுங்கள். ஆனால் இரவு பத்துக்கு மேல் போன் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், தூக்கம் கெட்டால் எல்லாமே மோசமாகத் தெரியும். இன்னொன்று, தோழி இருந்த வகுப்புக் குழுவில் இப்போது இவளுக்கு இடம் இருக்கிறதா, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒதுக்குகிறார்களா என்பதை மட்டும் கவனியுங்கள்.

தாத்தா, "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழுவானா" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பிள்ளை முன்னால் தாத்தாவோடு வாதாடாதீர்கள். தனியாகச் சொல்லுங்கள், அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: "மாமா, சாயங்காலம் அரை மணி நேரம் அவன்கூட செஸ் ஆடுங்க, உங்க கூடன்னா கொஞ்சம் சிரிக்கிறான்." அவருடைய சின்ன வயது நண்பர்களைப் பற்றிப் பேரனிடம் சொல்லச் சொல்லுங்கள். அதட்டிக்கொண்டிருந்தவரே இரண்டு நாளில் கதைசொல்லியாக மாறிவிடுவது உண்டு.

நண்பனின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டது. விலாசமும் இல்லை, போனும் எடுக்கவில்லை.

கடன், குடும்பத் தகராறு, வேலை தேடி வேறு மாவட்டம் போவது என்று இப்படி நடப்பது குறைவில்லை. கட்டட வேலை, செங்கல் சூளை என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இது வருடந்தோறும் நடக்கிறது. விடைபெறாத பிரிவு பிள்ளைக்கு அதிக நாள் உறுத்தும். அக்கம்பக்கத்தில் பேசப்படும் கதைகளைப் பிள்ளையிடம் கொண்டுவராதீர்கள். "அவங்க வீட்டுல ஏதோ அவசரம், சொல்ல நேரமில்லாம போயிட்டாங்க. உன்மேல கோபத்துல இல்ல" என்று மட்டும் சொல்லுங்கள்.

பள்ளி அலுவலகம் விலாசத்தைத் தராது, தரக்கூடாது. ஆனால் டிசி வாங்கியிருந்தாலோ வாங்க வரவேண்டியிருந்தாலோ, உங்கள் பிள்ளை எழுதிய கடிதத்தையும் உங்கள் போன் எண்ணையும் அந்தக் குடும்பத்திடம் சேர்க்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். சேர்க்க வழியில்லாவிட்டாலும் எழுதச் சொல்லுங்கள். சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்த தாளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

முதல் இரண்டு மூன்று வாரம் அழுகை, எரிச்சல், பசிக்குறைவு இருக்கலாம். நாள் போகப் போகக் குறைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் கீழே உள்ளவை நீடித்தால் காட்டுங்கள்: தூக்கம் வராமல் புரள்வது அல்லது நாள் முழுக்கத் தூங்குவது, பிடித்த விளையாட்டைக்கூடத் தொடாதது, எடை குறைவது, நிறுத்திய பழக்கங்கள் (படுக்கையில் சிறுநீர், விரல் சூப்புவது) திரும்ப வருவது, பள்ளிக்கே போகமாட்டேன் என்பது. "நான் இல்லாமலே போயிடலாம்" என்பது போன்ற பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே.

பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, சனி ஞாயிறு இல்லை என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். போன நண்பன் கவசமாக இருந்திருக்கலாம். வேனிலோ கழிப்பறைப் பக்கமோ கேலி செய்கிற, அடிக்கிற பிள்ளைகளிடமிருந்து இத்தனை நாள் அவன் காப்பாற்றியிருப்பான். இப்போது உங்கள் பிள்ளை தனியாக மாட்டியிருக்கும். அதை நட்புத் துக்கம் என்று நினைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் பிரச்சினை தீராது, பள்ளியில் பேச வேண்டும். "கேலி பண்றாங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "இப்போ இன்டர்வெல்ல எங்க நிக்கற? பாத்ரூமுக்கு யார்கூட போற?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

14416 என்பது டெலி மனஸ் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், பெற்றோரே அழைத்து யோசனை கேட்கலாம். பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098 உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் வழக்கமாகப் பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் காட்டினாலும் சரி.

நேரில் பார்க்கக் கூட்டிப் போகலாமா? பார்த்துவிட்டு வந்தால் மறுபடி அழுவானே?

கூட்டிப் போங்கள், ஆனால் முதல் மாதமே வேண்டாம். காலாண்டு விடுமுறை நல்ல நேரம். இரண்டு பேருக்கும் புதுப் பழக்கம் கொஞ்சம் படிந்திருக்கும். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், பூஜை விடுமுறை நேரத்தில் இடம் வேகமாகத் தீர்ந்துவிடும். 5 வயது முதல் 12 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட்.

சந்தித்த முதல் ஒரு மணி நேரம் இருவரும் அம்மா பின்னால் ஒளிவார்கள். "இதுக்குத்தான் இவ்வளவு அழுதியா" என்று கிண்டல் செய்யாமல் வெளியே எங்காவது கூட்டிப் போய் ஓட விடுங்கள். அவனுடைய புது நண்பனும் வந்து சேரலாம் என்பதை ரயிலிலேயே சொல்லி வையுங்கள். திரும்பியதும் ஓரிரு நாள் அழுகை வரும், போகும்.

காலியான வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அதே வயதில் ஒரு பையன். ஆனால் எங்கள் மகன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நண்பனின் வீட்டில், நண்பனின் ஜன்னலில் வேறொரு முகம். கோபம் வரத்தான் செய்யும். "போய் ஃப்ரெண்டு பிடிச்சுக்கோ" என்று தள்ளாதீர்கள். நீங்கள் பெரியவர்கள் பழகிக்கொள்ளுங்கள், பால்காரர் நேரம், தண்ணீர் வரும் நேரம் என்று. அந்தப் பையனும் ஓர் ஊரில் யாரையோ விட்டுவிட்டு வந்தவன்தான் என்பதை ஒருமுறை சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். ஸ்கூல் வேன் எங்கே நிற்கும், எந்தத் தெருவில் நாய் துரத்தும், கரண்ட் போனால் மோட்டாரை யார் போடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. உங்கள் மகனுக்குத் தெரியும். அதைக் கேட்டு அவன் ஒருநாள் கதவைத் தட்டும்படி அவனுடைய அம்மாவிடம் சொல்லி வையுங்கள். மூன்று மாதம் ஆகியும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பக்கத்து வீடு என்பதற்காக நண்பனாகத்தான் வேண்டும் என்று இல்லை.